புரட்டாசி மாதத்துக் காகித ஆடு

இந்த ஒரு தடவை மட்டும் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று அரங்கநாதன் வாத்தியார் முடிவு செய்தபோது, அவர் பெண்டாட்டி சின்னப்பொண்ணு கிணற்றடியில் இருந்தாள். அவள் வீட்டுக்குள் இருக்கும்போது இந்த மாதிரி முடிவுகள் அவருக்கு வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறார். எல்லாம் அவள் குடத்தோடு கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் எடுத்தவை. அவள் வாசற்படி ஏறினால் அவை கொல்லைப்பக்கமாக இறங்கிப் போய்விடும். ஆனால் இந்தத் தடவை விஷயத்தில் ஓர் ஆடு சம்பந்தப்பட்டிருந்தது.

ஆட்டின் பெயர் கருப்பன். கொட்டகையில் கட்டியிருந்த கெடா. அது அந்த வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் வாத்தியாரின் கல்லீரல்.

போன வருஷம் மாசியில் வாத்தியாருக்கு மஞ்சக்காமாலை. கண் மஞ்சள், நகம் மஞ்சள், படுத்திருந்த பாய் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் போட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சின்னப்பொண்ணு தலைவிரி கோலமாக ஏரிக்கரைக்கு ஓடினாள். அங்கே அய்யனார் கோயிலுக்குக் காவலாக நிற்கிற முனியப்பன் காலடியில் விழுந்து, என் வூட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தால் உனக்கு ஒரு கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு கோழிக்குழம்பு கேட்டார்.

அந்த மாசமே ஒரு குட்டியை வாங்கி வந்து கட்டினாள். வாத்தியார் உடம்பு தேறத் தேறக் கருப்பனும் தேறியது. இரண்டு பேரில் கருப்பன்தான் நன்றாகத் தேறியது.

வாத்தியாருக்கு முனியப்பன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரேடியோ கடை இருக்கிறது. அந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. சம்பளம் வாங்கப் போகிற ஒவ்வொரு மாதமும் அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். அதுவும் அவரைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். கருப்பனைச் சந்தையில் விற்றால் அந்த டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்துவிடும். கருப்பனை முனியப்பனுக்கு வெட்டினால், கறியெல்லாம் வாத்தியாரின் மச்சான் மாயவன் வயிற்றுக்குப் போகும்.

மாயவன் சின்னப்பொண்ணுக்கு அண்ணன். கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறார். நல்ல மனுஷன். ஆனால் கறி விருந்து என்று கேள்விப்பட்டால் அவர் தனியாக வந்ததில்லை. அவரோடு ஒரு பஸ் நிறைய ஆள் வரும். சாப்பிட்டுவிட்டு, "மாப்ள, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்.

இப்படி வாத்தியார் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி பிறந்தது. கூடவே மறியலும் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மறியலைப் பற்றி வாத்தியாருக்கு ஒரு கருத்து உண்டு. சர்க்கார் சம்பளக்காரர் என்பதால் அதை அவர் கண்ணாடியைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. அவர் மூளை வேறு வழியில் வேலை செய்தது. பஸ் இல்லையென்றால் மாயவன் இல்லை. இந்த வாரத்துக்குள் வேண்டுதலை முடித்துவிட்டால் யாரும் கேட்க முடியாது. எப்படி முடிப்பது என்பதுதான் மிச்சம்.

சின்னப்பொண்ணு குடத்தை இறக்கி வைத்தாள். முடிவு வழக்கம்போல நழுவப் பார்த்தது. வாத்தியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சின்னப்பொண்ணு, அந்த வேண்டுதல இந்த வாரமே முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

"இன்னாங்க திடீர்னு பக்தி?"

"சாமி கடன இழுத்துக்கினே போவக் கூடாது."

"புரட்டாசிங்க. புரட்டாசில கெடா வெட்டுவாங்களா யாராவது?"

"அதான் வெட்டப் போறதில்ல."

"பின்ன?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு ஆரம்பிக்கிற குரலில் கேட்டார்.

"ஏரிக்கரை கோயில்ல குதிரை இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"உசுருள்ள குதிரையா?"

"மண்ணு குதிரை."

"ஆங். குதிரை வேண்டிக்கினவன் எவனாவது உசுரு குதிரைய இழுத்தாந்து கட்டினானா? மண்ணுல ஒண்ணு செஞ்சி வெச்சான். சாமி ஏத்துக்கிச்சி. அப்ப ஆடு வேண்டிக்கினா மட்டும் எதுக்கு உசுரு ஆடு?"

சின்னப்பொண்ணு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "அப்ப மண்ணு ஆடு செய்யச் சொல்றீங்களா?"

"மண்ணு எதுக்கு? நான் பேப்பர்ல மடிக்கறேன். திருக்கோவிலூர்ல டிரெய்னிங் குடுத்தாங்களே, பேப்பர மடிச்சி மிருகம் செய்யறது. மனசால ஆடுன்னு நெனச்சி மடிச்சா அது ஆடு தான். சாமிக்கு வேண்டியது மனசு."

"அந்தக் கோயிலு வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க எலவனாசூர்கோட்டைக்காரரு."

"வழக்கம் இன்னா வழக்கம்? வழக்கம் எல்லாம் நாம போடறது தான."

இதுதான் சண்டை ஆரம்பிக்கிற இடம் என்று வாத்தியார் உடம்பை இறுக்கிக்கொண்டார். சின்னப்பொண்ணு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொட்டகையில் கருப்பனைப் பார்த்தாள்.

"எதுக்கும் பூசாரிய ஒரு வார்த்த கேட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் வாத்தியார் கூடத்தை எத்தனை தரம் அளந்தார் என்று அவருக்கே தெரியாது. பூசாரி இருசப்பன் ஒத்துக்கொள்ள மாட்டான், அவனுக்கு ஆட்டுத் தலை வரவேண்டும், அவன் எப்படி ஒத்துக்கொள்வான் என்று தானாகவே பேசிக்கொண்டார். ஆனால் அவள் சிரித்த முகமாக வந்தாள்.

"ஒத்துக்கினாரு."

"நெஜமாவா?"

"புரட்டாசின்றதால உருவம் தான் வெக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. பேப்பர்னாலும் பரவால்லையாம். சனிக்கெழம காலைல கொண்டாரச் சொன்னாரு."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் அந்த வீட்டில் நடந்ததே இல்லை. அதுவே அவருக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் காதில் அப்போது டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சின்னச் சங்கடம். திருக்கோவிலூர்ப் பயிற்சியின்போது வாத்தியார் கடைசி பெஞ்சில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார். காகிதம் மடிக்கிற பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. அவர் கண்விழித்தபோது மேடையில் ஒரு நாய் முகம் இருந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டினார்.

நாய் முகம் எப்படி என்பது மட்டும் ஓரளவுக்கு ஞாபகம் இருந்தது. சதுரமான காகிதம். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் கூர்முனை கீழே பார்க்க வேண்டும். மேலே இரண்டு பக்கத்து மூலைகளையும் கீழே சாய்த்து மடித்தால் இரண்டு காது. அடிமுனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு. பேனாவால் இரண்டு கண் வைத்தால் நாய். சின்னப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுக்கிற மடிப்பு அதுதான். நாய் வருமானால் ஆடு வராதா என்று அவர் கணக்குப் போட்டார். காதை மேலே தூக்கினால் கொம்பு. அடிமுனையை மடிக்காமல் விட்டால் தாடி. இவ்வளவுதான் விஷயம்.

காகிதம்தான் இல்லை. கடையெல்லாம் மூடிக் கிடந்தது. தெருவில் பார்த்தால் மறியல் நோட்டீஸ்கள் இறைந்து கிடந்தன. மஞ்சளும் ரோஸுமாக நல்ல காகிதம். வாத்தியார் இருட்டுகிற நேரம் பார்த்து, யாரும் பார்க்காதபடி ஒரு கை பொறுக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் தாழ்வாரத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். எதிரில் மகள் கண்ணகி உட்கார்ந்தாள். இரண்டாம் வகுப்பு.

"அப்பா, நான் மடிக்கட்டா?"

"நீ பாத்துக் கத்துக்க."

முதல் ஆட்டுக்கு ஒரு கொம்பு நீளமாகவும் ஒரு கொம்பு குட்டையாகவும் வந்தது. நோட்டீஸ் நீள்சதுரம் என்பதை அவர் கவனிக்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்ததைக் கிழித்துச் சதுரமாக்கினார். இரண்டாவதற்குக் கொம்பு சரியாக வந்தது. ஆனால் அது பூனை. அடுத்ததில் கொம்பைக் கொஞ்சம் வெளியே சாய்த்தார். நரி ஆயிற்று. அதற்கடுத்ததில் தாடியைப் பெரிதாக விட்டார். எதிர்வீட்டுப் பாப்பாத்தி முறத்தில் கேழ்வரகோடு போகிறவள் நின்று பார்த்தாள்.

"இன்னா சார், வவ்வாலா?"

"ஆடும்மா."

"தலகீழா வெச்சிருக்கீங்களோ?"

வாத்தியார் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அதைக் கசக்கித் தூரப் போட்டார். கண்ணகி ஓடிப்போய் எடுத்து, நீவி நேராக்கி, ஒரு முறத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் குப்பைடி."

"பாவம்பா."

உள்ளேயிருந்து சின்னப்பொண்ணு குரல் வந்தது. "கண்ணகி, அப்பா செஞ்சத ஒண்ணு கூட தூக்கிப் போடாத. பத்தரமா எடுத்து வெய்யி."

வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தன் கைவேலையை மதிக்கிற மனைவி என்று நினைத்துக்கொண்டார். சமயத்தில் அவளும் நல்லவள்தான்.

மத்தியானத்துக்குள் ஒரு முகம் முகமாக வந்துவிட்டது. கொம்பு கொம்பு மாதிரி, தாடி தாடி மாதிரி. அவரே கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்து ரசித்தார். சின்னப்பொண்ணு சோற்றுக்குக் கூப்பிட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க. ஒடம்பு எங்க?"

"இது முகம். நாய்க்கும் முகம் மட்டும் தான் சொல்லிக் குடுத்தாங்க."

"சாமிக்கு வெட்டின தலயவா கொண்டு போயி வெப்பீங்க? அதுவும் புரட்டாசில?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல். அவள் சொல்கிற எதிலும் எங்கேயாவது ஒரு நியாயம் ஒளிந்துகொண்டிருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். உடம்புக்கு இன்னொரு காகிதத்தை நடுவே மடித்துக் கூரை மாதிரி நிறுத்தினார். கீழே நடுவில் கத்தரித்து எடுத்தால் முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால். பின்பக்க மூலையைத் தூக்கி மடித்தால் வால். முன்பக்கத்தில் முகத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்ட வேண்டும். சொல்லும்போது இரண்டு வரி. செய்யும்போது கத்தரிக்கோல் அவரை விட்டு வேறு பக்கம் போயிற்று. ஒன்றுக்கு மூன்று கால். ஒன்று கால்களைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. ஒன்றுக்கு முகம் கனத்து மூக்கால் தரையை முட்டியது. ஒன்று கொழுகொழுவென்று, தாடி மூஞ்சிக்குள் போய், ஆடு என்று சொன்னால் ஆடு கோபித்துக்கொள்ளும்படி இருந்தது. கண்ணகியின் முறத்தில் மந்தை பெருகிக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் ஒன்று நின்றது. நிஜமாகவே நின்றது. நாலு காலில், தலை நிமிர்ந்து, தாடி தொங்க நின்றது. வாத்தியார் மூச்சு விடாமல் அதைத் தூக்கி, பசை காயட்டும் என்று கொட்டகைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

கருப்பனுக்கு நோட்டீஸ் பிடிக்கும். சுவரொட்டியும் பிடிக்கும். சோற்றுப் பசை ஒட்டிய காகிதம் என்றால் அதற்கு விருந்து. வாத்தியார் திரும்பி வந்தபோது ஆட்டின் வாயோரம் ஆட்டின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போயிற்று.

"உனக்காகத் தானடா நான் இந்தப் பாடு படறேன்" என்று அவர் கத்தினார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. கருப்பன் அடுத்தது எங்கே என்கிற மாதிரி அவர் கையைப் பார்த்தது.

சின்னப்பொண்ணு அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னாங்க ஆச்சி?"

"தின்னுடுச்சி."

"சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடி அதுவே ருசி பாத்துடுச்சா. சரி வுடுங்க, நாளைக்கி ஒண்ணு செய்யுங்க. ராத்திரி ஆனாலும் பரவால்ல, வெளக்குல எண்ண ஊத்தி வெக்கறேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க மடித்தார். விரல் நுனியெல்லாம் ரோஸ் சாயம். இடுப்பு நிமிரவில்லை. கடைசியில் கருப்பன் தின்றதைப் போலவே ஒன்று எழுந்து நின்றது. அதைப் பானைக்குள் வைத்து மூடி, பானை மேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

சனிக்கிழமை காலையில் குளித்து, நாமம் போட்டுக்கொண்டு, காகித ஆட்டைத் தாம்பாளத்தில் வைத்துத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டார். சின்னப்பொண்ணு வாழையிலை போட்டு மூடிய முறம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டாள். தேங்காய் பழம் என்று அவர் நினைத்தார். கண்ணகி கூடவே குதித்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரைக்குத் திரும்புகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வாத்தியாரிடம் படித்தவர்கள். அதனால் அவருக்கு இன்னும் பயம்.

"இன்னா சார் துண்டுக்குள்ள?" என்று ஒருவன் தூக்கிப் பார்த்தான். ஆட்டின் வயிற்றில் 'ஒதுக்கீடு' என்று கொட்டை எழுத்தில் பாதி வார்த்தை தெரிந்தது. "இது எங்க நோட்டீஸாச்சே."

வாத்தியார் துண்டை இழுத்து மூடப் பார்த்தார். சர்க்கார் வேலையும் போய், ஊரும் பகையாகிற காட்சி கண்முன்னே ஓடியது.

"ஆமாம்பா" என்றாள் சின்னப்பொண்ணு சாவகாசமாக. "சாமிகிட்ட வெக்க எடுத்துக்கினு போறோம்."

"சாமிகிட்டயா? எங்க நோட்டீஸயா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டேய், சாருக்கு வழி வுடுங்கடா. கெளைய தூக்குங்க. சார், இன்னும் வேணும்னாலும் எடுத்துக்குங்க, நெறைய கெடக்குது." ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து வாத்தியாரின் கக்கத்தில் செருகினான். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

முனியப்பன் அரிவாளோடு கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். பூசாரி இருசப்பன் கற்பூரம் ஏற்றித் தயாராக இருந்தார். வாத்தியார் தன் ஆட்டை எடுத்து முனியப்பன் காலடியில் நிறுத்தினார். அது நின்றது. காற்றுக்கு லேசாக ஆடியது, விழவில்லை. வேண்டுதல் முடிந்தது, முனியப்பனுக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை என்று கும்பிட்டு நிமிர்ந்தார்.

அப்போது சின்னப்பொண்ணு முறத்தின் மேலிருந்த வாழையிலையை எடுத்தாள். கண்ணகி ஒவ்வொன்றாக எடுத்து முனியப்பன் முன்னால் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். நெட்டை குட்டைக் கொம்பு, பூனை, நரி, வவ்வால், மூன்று கால், மூக்கு முட்டி, கொழுகொழு. காலடி நிறைந்து படி வரைக்கும் வந்துவிட்டது.

"இதெல்லாம் எதுக்குடி?" என்றார் வாத்தியார்.

"கொழந்த ஆசையா சேத்து வெச்சிருந்தா. தூக்கிப் போட மனசு வரலீங்க. எல்லாம் சாமிய நெனச்சி செஞ்சது தான."

இருசப்பன் வரிசையைப் பார்த்து அசந்துபோனார். "வாத்தியாரே, இத்தினியுமா? உங்க மனசு யாருக்கும் வராதுங்க. ஐப்பசில இத்தினியும் வெட்டறதுன்னா ரெண்டு நாளு ஆவுமே."

"வெட்டறதா? எத?"

"கெடாவ தாங்க. புரட்டாசில ரத்தம் ஆவாது. அதனால ஐப்பசில வெட்டறவங்க, புரட்டாசில உருவம் செஞ்சி வெச்சி முனியப்பன்கிட்ட சொல்லிட்டுப் போவாங்க. அச்சாரம் மாதிரி. எல்லாரும் அரிசி மாவுல ஒண்ணு செஞ்சி வெப்பாங்க. நீங்க தான் பேப்பர்ல ஒரு மந்தையே வெச்சிருக்கீங்க."

வாத்தியார் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பூசாரி, இல்ல, நான் ஒண்ணு தான் வெச்சேன். மத்ததெல்லாம் ஆடே இல்ல."

"பின்ன இன்னா?" இருசப்பன் குனிந்து கொழுகொழுவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது பன்னிங்களா? முனியப்பனுக்குப் பன்னியும் வுடுவாங்க. இது கோழியா? செஞ்சவரு நீங்க, நீங்களே சொல்லிடுங்க. ஆடுன்னா ஆடு, பன்னின்னா பன்னி. முன்னால வெச்சத திருப்பி எடுக்கறது மட்டும் கூடாது."

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். ஆடு என்று சொன்னால் கெடா மந்தை வாங்க வேண்டும். பன்றி என்று சொன்னால் பன்றியை ஓட்டிக்கொண்டு தெருவழியே வர வேண்டும். நாமம் போட்ட நெற்றியில் வியர்வை வழிந்தது. மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"ஏதாவது சொல்லு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் இன்னாங்க சொல்றது? மனசால ஆடுன்னு நெனச்சி மடிச்சா அது ஆடு தான்னு சொன்னது நீங்க."

"நான் ஒண்ணத் தான் அப்படி நெனச்சேன்."

"அப்ப மத்தத மடிக்கறப்ப இன்னா நெனச்சீங்க?"

மற்றதை மடிக்கும்போதெல்லாம் அவர் டேப் ரெக்கார்டரை நினைத்தார். அதை அரிவாள் பிடித்த சாமிக்கு எதிரில் சொல்ல முடியவில்லை.

"சின்னப்பொண்ணு, உனக்குப் புண்ணியமாப் போவும். எப்படியாவது பேசி வுடு."

அவள் கண்ணைத் திறந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பூசாரி, எங்க வூட்டுல இருக்கறது ஒரே கெடா. கண்ணு மாதிரி வளத்தது. அதையே ஐப்பசில கொண்டாந்தா, மத்ததுக்கு முனியப்பன் மன்னிப்பாரா?"

இருசப்பன் தாடையைச் சொறிந்தார். "மன்னிப்பாரு. ஆனா வூட்டுக்காரரு வாயால சொல்லணும். இஷ்டப்பட்டு சொல்லணும். முணுமுணுத்தா செல்லாது."

அரங்கநாதன் வாத்தியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். வகுப்பில்கூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"முனியப்பா, எங்க கருப்பனையே குடுக்கறேன். இஷ்டப்பட்டுக் குடுக்கறேன். இது ஒண்ண மட்டும் ஏத்துக்கோ."

திருநீறு வாங்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தார்கள். தப்பித்தோம் என்கிற நிம்மதியில் கொஞ்ச தூரம் வரைக்கும் வாத்தியாருக்குக் கோபமே வரவில்லை. நீ மட்டும் பேசலன்னா என் கதி என்ன ஆகியிருக்கும் என்றுகூட அவளிடம் சொன்னார். மதகு பக்கம் வந்தபோதுதான் எதைக் கொடுக்கக் கூடாதென்று இந்த இரண்டு நாள் இடுப்பொடிந்தோமோ, அதையே கெஞ்சிக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பது உறைத்தது. நின்றுவிட்டார்.

"உனக்கு அன்னிக்கே தெரியும். பூசாரிய கேட்டுட்டு வந்தியே, அப்பவே தெரியும்."

"நான் பொய் சொன்னனா? உருவம் தான் வெக்கணும்னு சொன்னாருன்னு சொன்னேன்."

"அச்சாரம்னு சொல்லலியே."

"நீங்க கேக்கலியே." அவளும் நின்றாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஏங்க, நீங்க மஞ்சளா கெடந்தப்ப கண்ணு முழி மேல போயிடுச்சி. டாக்டரு வூட்டுக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாரு. நான் இந்த வழியில தான் ஓடியாந்தேன். அன்னிக்கி நான் பேப்பர்ல வேண்டிக்கல."

வாத்தியாருக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. தன் உயிரை ஒரு டேப் ரெக்கார்டரோடு எடைபோட்டுப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. கக்கத்து நோட்டீஸ் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

வீடு வந்ததும் கருப்பன் அவரைப் பார்த்து அசை போட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப அண்ணனுக்கு சொல்லி அனுப்பணும்" என்றாள் சின்னப்பொண்ணு.

"பஸ்ஸு வுடட்டும். ஒரு கார்டு போட்டுடறேன்."

"கார்டுல கூப்ட்டா எங்க பக்கம் மதிக்க மாட்டாங்க. வூட்டுக்கு ஒரு ஆடு மடிச்சிக் குடுத்து தான் அழைக்கணும்."

"இது இன்னா, இதுவும் அந்தக் கோயிலு வழக்கமா?"

"இல்லீங்க. இது நான் போடறது. வழக்கம் எல்லாம் நாம போடறது தானன்னு நீங்க தான சொன்னீங்க."

வாத்தியார் மாயவன் வகையறாவில் எத்தனை வீடு என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, முதல் நோட்டீஸைச் சதுரமாகக் கிழித்தார்.

"தல மட்டும் போதுமா," என்று உள்ளே பார்த்துக் கேட்டார், "இல்ல, ஒடம்பும் வேணுமா?"